நன்னூல் நோட்டு, ஜூன்

ஜூன் 2, திங்கள்
மகளுக்கு வீட்டிலேயே நன்னூல் பாடம். பாயிரத்தை, அதாவது நூலின் முன்னுரையை, இப்போதைக்குத் தள்ளிவைத்தாயிற்று. 462 நூற்பாவையும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் 14 வயதுப் பிள்ளை ஒரே வாரத்தில் மூடிவைத்துவிடும். பதவியல்தான் முதலில். தினமும் பேசுகிற சொல்லையே கழற்றிப் பார்க்கலாம்.

ஜூன் 3
மகளின் தேர்வுப் பதிவு எண் வரவில்லை.

ஜூன் 5, வியாழன்
வந்தனன். 'வந்' என்று வெட்டி அதுதான் பகுதி என்கிறாள். எல்லாரும் சறுக்குகிற இடம். முதலில் ஏவலாகச் சொல்லிப் பார்க்க வேண்டும்: நீ வா. பகுதி வா, அது வ எனக் குறுகியது விகாரம். பிறகு வாலிலிருந்து வர வேண்டும். கடைசி அன் விகுதி, அதற்கு முந்தின அன் சாரியை, அதற்கு முன் த் இறந்தகால இடைநிலை. மிஞ்சுகிற ந், சந்தியாக வந்த த் திரிந்தது; அதுவும் விகாரம். ஆறு உறுப்பும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன.

ஜூன் 9, திங்கள்
"புரிஞ்சா போதாதாப்பா, எதுக்கு மனப்பாடம்?" மறுபடியும் அதே கேள்வி. திண்ணைப் பள்ளியில் முதலில் மனப்பாடம், பொருள் பின்னால். ஏழு வயதுக்கு அது சரி. 14 காரணம் கேட்கிற வயது, அந்த வரிசை எடுபடாது. அதற்காக மனப்பாடத்தை விட்டுவிட்டால் விவாதிக்கக் கையில் சரக்கு இருக்காது. இரண்டும் ஒன்றாகவே நடக்க வேண்டும். வழி நன்னூலிலேயே இருக்கிறது. காண்டிகையுரைக்கு, அதாவது சுருக்க உரைக்கு, சொன்ன ஐந்து: கருத்து, பதப்பொருள், காட்டு (எடுத்துக்காட்டு), வினா, விடை. நூற்பாவுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஐந்து கட்டம். வினா அவளுடையதாக மட்டுமே இருக்க வேண்டும். விடையை மறுநாள்தான் எழுத வேண்டும்; உடனே சொல்லிவிட்டால் கேள்வி அங்கேயே செத்துவிடும்.

உயிரும் உயிரும் சேருமிடத்தில் நடுவே வரும் உடம்படுமெய், அந்தப் பக்கத்தில் அவள் எழுதியது: மணியடித்தது யகரம், திருவருள் வகரம், ஏ மட்டும் ஏன் இரண்டும்? நல்ல கேள்வி. அவனேயழகன், சேவடி இரண்டையும் கொடுத்து நிறுத்திக்கொண்டேன்.

ஜூன் 15, ஞாயிறு
இன்று பழையது மட்டும். புதிது நாளுக்கு இரண்டு நூற்பாவுக்கு மேல் வேண்டாம். முதலில் சந்தி பிரித்து வாசிக்க வேண்டும், பிறகு சேர்த்து. சேர்த்தே ஒப்பித்தால் ராகம் நிற்கும், பொருள் ஓடிவிடும். மூன்றாம் முறை கேட்ட பிறகே எடுத்துச் சொல்லச் சொல்வது. பொதுப்பாயிரமும் அதைத்தான் சொல்கிறது.

ஜூன் 18, புதன்
முதல் குறளை அசை பிரித்து அலகிட்டாள். எ/ழுத்/தெல்/லாம். சீரின் தலையில் குறில் தனியே நேரசை ஆகாது. எழுத்/தெல்/லாம், புளிமாங்காய் என்ற மூவசைச் சீர். வெண்பாவில் நாலசைச் சீர் வராது, அதை வைத்தே அவள் பிழையைப் பிடித்திருக்கலாம். அடுத்த தடவை சொல்லாமல் விட்டுப் பார்க்கலாம்.

ஜூன் 20
பதிவு எண் இன்னும் இல்லை. குறைந்தது ஐந்து பாடம் எழுத வேண்டும். அதற்கும் காலையில் இடம் ஒதுக்க வேண்டும், நன்னூலைத் தொடாமல்.

ஜூன் 23, திங்கள்
சொந்தமாக ஒரு குறள் வெண்பா! முதலடி நாற்சீர், இரண்டாமடி முச்சீர், எல்லாம் சரி. ஈற்றுச்சீர் 'வானம்'. வெண்பா முடிய வேண்டிய நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் எதற்குள்ளும் அடங்காது. 'வான்' என்று குறைத்தாள். நாள் ஆயிற்று, ஆனால் தளை, அதாவது சீருக்கும் சீருக்கும் உள்ள கட்டு, இன்னும் சேரவில்லை. முந்தின சீர் மா (நேரசையில் முடிவது), அதன் பின் நிரை வர வேண்டும். நான் வாயே திறக்கவில்லை. அகராதியைப் புரட்டி 'விசும்பு' என்று எழுதினாள். பிறப்பு வாய்பாடு, தளையும் சரி.

நாளை உயிரீற்றுப் புணரியல், உயிரில் முடியும் சொற்கள் சேரும் விதம்.