சுவர் ஓதம்: பெயின்ட் அடிக்கும் முன்

வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் பலர் செய்வது, கறுத்த சுவரைச் சுரண்டிவிட்டுப் புட்டி பூசி உடனே பெயின்ட் அடிப்பது. உள்ளே ஈரம் இருந்தால் பெயின்ட் கொப்புளித்து உரிந்துவிடும். காசு தண்டம்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஓரடி சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் இடைவெளியின்றி டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது: வெளிச்சுவர் விரிசல், சன்ஷேட் இணைப்பு, பின்பக்கக் குளியலறையின் டைல்ஸ் இடுக்கு என ஒவ்வொன்றாகப் பாருங்கள். அறைப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் காற்றில்தான் ஈரம்.

இதற்குச் செலவு குறைவு. பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போடுங்கள். பூஞ்சை அதன் பின்னால்தான் முதலில் பிடிக்கும். ஈரத்துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள். ஈரப்பதம் அளக்கும் கருவியான ஹைக்ரோமீட்டரில் அளவு 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும்.

பூஞ்சையை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். முகக்கவசம் அணிந்து, சோப்புத்தூள் கரைசலில் நனைத்த துணியால் துடைத்து, ஃபேன் போட்டு முழுசாகக் காயவிடுங்கள். பிளீச்சிங் பவுடரைக் கழிவறை ஆசிட்டோடு ஒருபோதும் கலந்துவிடாதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.