விளக்கு எது, பரப்பளவு எவ்வளவு: டைட்டானியம் டை ஆக்சைடும் புதிய சூரிய மின்கலங்களும்

ஒளி பட்டால் வேதிவினையைத் தூண்டும் புதிய ஒளிவினையூக்கியைப் பற்றியோ புதுவகைச் சூரிய மின்கலத்தைப் பற்றியோ ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தால், எல்லோருடைய கண்ணும் முதலில் போவது சுருக்கத்தில் இருக்கும் விழுக்காட்டின் மீதுதான். நான் இப்போதெல்லாம் அதைத் தாண்டிச் செய்முறைப் பகுதிக்குப் போய், எந்த விளக்கைப் பயன்படுத்தினார்கள், எவ்வளவு பரப்பளவில் அளந்தார்கள், எத்தனை நேரம் அளந்தார்கள் என்று தேடிப் பார்த்த பிறகே முன்பக்கத்துக்குத் திரும்புகிறேன். இந்த மூன்றும் தெரியாவிட்டால் அந்த விழுக்காட்டைக் கொண்டு எதையும் சொல்லிவிட முடியாது.

இந்த இரு துறைகளிலும் அடிக்கடி வரும் பொருள் டைட்டானியம் டை ஆக்சைடு. சுவர்ப் பெயிண்ட்டுக்கு வெண்மை தருவதும் அதுதான். அகிரா ஃபுஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் 1972இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட சிறு கட்டுரைதான் அதை வேறொரு தளத்துக்குக் கொண்டுசென்றது. டைட்டானியம் டை ஆக்சைடின் ரூட்டைல் வகைப் படிகத்தை ஒரு மின்முனையாகவும் பிளாட்டினத்தை மற்றொரு மின்முனையாகவும் வைத்து ஒளி பாய்ச்சினால், தண்ணீர் ஆக்சிஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிகிறது என்று அதில் அவர்கள் காட்டினார்கள். ஒளியை உறிஞ்சியதும் இந்தக் குறைக்கடத்திக்குள் விடுபட்ட ஓர் எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற காலியிடமான ஒரு துளையும் பிறக்கின்றன. அந்தத் துளைக்கு இருக்கும் ஆக்சிஜனேற்ற வலிமைதான் தண்ணீரைப் பிளப்பதற்கும், அழுக்கைச் சிதைப்பதற்கும், தானே சுத்தமாகும் கண்ணாடிக்கும் அடிப்படை. ஆனால் ரூட்டைலின் பட்டை இடைவெளி, அதாவது எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், 3.0 எலக்ட்ரான் வோல்ட்; அனடேஸ் என்ற இன்னொரு படிக வகையினுடையது 3.2 எலக்ட்ரான் வோல்ட். அனடேஸைத் தூண்ட 388 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளம், அதாவது புற ஊதா ஒளி வேண்டும். தரையை எட்டும் சூரிய ஆற்றலில் புற ஊதாவின் பங்கு ஏறக்குறைய 5 விழுக்காடுதான் என்பதால், கண்ணுறு ஒளியிலும் வேலை செய்யும்படி இதை மாற்றியமைக்கும் முயற்சிகள் பல்லாண்டுகளாகத் தொடர்கின்றன. அளவீட்டுச் சிக்கல்கள் மண்டிக் கிடப்பதும் அங்கேதான்.

மிகப் பரவலான சோதனை மெத்திலீன் நீலத்தைச் சிதைப்பது. சாயக் கரைசலில் தூளைப் போட்டு, காந்தக் கலக்கியின் மேல் வைத்து, முதலில் இருட்டிலேயே அரை மணி நேரமாவது கலக்க வேண்டும். தூளின் பரப்பில் சாயம் ஒட்டிக்கொள்வதாலேயே கரைசல் வெளிறும் என்பதால், அந்த ஒட்டுதல் நின்ற பிறகுதான் விளக்கைப் போட வேண்டும். பிறகு இடைவெளி விட்டு ஊசிக்குழலால் சிறிது சிறிதாக எடுத்து, மையவிலக்கியில் தூளைப் பிரித்து, தெளிந்த நீர்மம் 664 நானோமீட்டரில் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். நீலம் குறையக் குறைய வரைபடம் அழகாக இறங்கும். அந்த அழகில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மெத்திலீன் நீலம் தானே கண்ணுறு ஒளியை உறிஞ்சும் பொருள். அது தன் எலக்ட்ரானை டைட்டானியம் டை ஆக்சைடுக்குக் கொடுத்துவிட்டுத் தானே சிதைந்துபோக முடியும். வினையூக்கி ஒரு ஃபோட்டானைக்கூட உறிஞ்சாமலே, 'கண்ணுறு ஒளியில் செயல்படும் புதிய வினையூக்கி' என்று அதற்குப் பெயர் கிடைத்துவிடும். ஆக்சிஜன் போதாத கரைசலிலோ இன்னொரு குழப்பம்: சாயம் சிதையாமல், ஒடுக்கமடைந்து நிறமற்ற வடிவத்துக்குப் போய்விடும், காற்றுப் பட்டதும் நீலம் திரும்பிவிடும். பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் குப்பியைக் குலுக்கி நீலத்தை வரவழைக்கும் வேடிக்கைக்குப் பின்னால் இருக்கும் வேதியியல் இதுதான். நிறம் போனதை வைத்து மாசு போனதாக எழுதாமல், கரைசலில் மிஞ்சியிருக்கும் மொத்தக் கரிமக் கார்பனை அளந்து காட்டும் கட்டுரைகளையும், ஃபீனால் போன்ற நிறமற்ற பொருளில் அதே தூளைச் சோதித்துக் காட்டும் கட்டுரைகளையும் நான் கூடுதலாக நம்புவதற்கு இதுவே காரணம்.

ஹைட்ரஜன் உற்பத்தியில் வேறொரு வழக்கம் உண்டு. ஒரு கிராம் தூளுக்கு ஒரு மணி நேரத்தில் இத்தனை மைக்ரோமோல் என்று எழுதுவார்கள். 50 மில்லிகிராம் தூள் மணிக்கு 40 மைக்ரோமோல் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது கிராமுக்கு 800. அதே தூளை 10 மில்லிகிராம் மட்டும் போட்டு 20 மைக்ரோமோல் வந்தால், கணக்கில் அது கிராமுக்கு 2000 ஆகிவிடும். விழும் ஒளி முழுவதையும் உறிஞ்சும் அளவுக்குத் தூள் சேர்ந்துவிட்டால் மேற்கொண்டு போடும் தூளால் வேகம் உயராது என்பதால், குறைவாகப் போட்டவருக்கே பெரிய எண் கிடைக்கும். குறிப்பிட்ட அலைநீளத்தில் உள்ளே விழுந்த ஃபோட்டான்களுக்கு எத்தனை எலக்ட்ரான்கள் வினையில் ஈடுபட்டன என்று சொல்வதே நேர்மையான வழி. அதற்கு வசதியில்லை என்றால், பி25 என்று சந்தையில் கிடைக்கும் டைட்டானியம் டை ஆக்சைடுத் தூளை அதே கலத்தில், அதே விளக்கின் கீழ் வைத்துப் பக்கத்தில் ஒரு கோடு வரைந்து காட்டினால்கூடப் போதும்.

சூரிய மின்கலத்தில் இதே பொருள் அடக்கமான வேலையைச் செய்கிறது. 1991இல் பிரையன் ஓ'ரீகனும் மைக்கேல் கிரேட்செலும் வெளியிட்ட சாய மின்கலத்தில், நானோ துகள்களால் ஆன நுண்துளை மிகுந்த டைட்டானியம் டை ஆக்சைடுப் படலம், சாயம் தரும் எலக்ட்ரான்களை வாங்கிக் கடத்தியது. 2009இல் சுட்டோமு மியாசாகாவின் குழு அதே படலத்தின் மேல் சாயத்துக்குப் பதிலாக, ஒளியை உறிஞ்சும் பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளை வைத்து 3.8 விழுக்காட்டை எட்டியது. இன்று சான்றளிக்கப்பட்ட பெரோவ்ஸ்கைட் கலங்கள் 26 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன.

செயல்திறன் கணக்கு எளியது. சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட் ஒளி விழும்போது, குறுஞ்சுற்று மின்னோட்டம் 24 மில்லியாம்பியர், திறந்தசுற்று மின்னழுத்தம் 1.1 வோல்ட், ஃபில் ஃபேக்டர் (அந்த இரண்டின் பெருக்கலில் உண்மையில் கிடைக்கும் உச்சத்திறனின் பங்கு) 0.78 என்றால் மூன்றையும் பெருக்கி 20.6 விழுக்காடு என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சதுர சென்டிமீட்டர் எது என்பதில் பிசகு நேரலாம். ஆய்வகக் கலங்கள் பெரும்பாலும் 0.1 சதுர சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். உலோக மின்முனையின் ஓரத்துக்கு வெளியே விழும் ஒளியும் மின்னோட்டத்துக்குப் பங்களித்து, உண்மையில் ஒளியைச் சேகரிக்கும் பரப்பு 0.12 ஆக இருந்தால், 18 விழுக்காட்டுக் கலம் தாளில் 21.6 ஆகிவிடும். துல்லியமாக வெட்டி அளந்த கறுப்புத் தகட்டு மாஸ்க் ஒன்றைக் கலத்தின் மேல் வைத்தால் இது தீர்ந்துவிடும். விளக்கின் விஷயமும் அப்படித்தான். செனான் விளக்கு அகச்சிவப்பில் கூடுதலாக ஒளிர்வது. 1100 நானோமீட்டர் வரை உணரும் சாதாரண சிலிக்கான் கலத்தை வைத்து அதன் செறிவைச் சரிசெய்தால், 800 நானோமீட்டரோடு நின்றுவிடும் பெரோவ்ஸ்கைட்டுக்கு அந்தச் செறிவு பொருந்தாது. அகச்சிவப்பைத் தடுக்கும் கேஜி5 வடிகட்டி பொருத்திய ஒப்பீட்டுக் கலம் இதற்காகவே இருக்கிறது. வாசகரே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையும் உண்டு: 1.6 எலக்ட்ரான் வோல்ட் பட்டை இடைவெளி கொண்ட பொருளால், எத்தனை நேர்த்தியாகச் செய்தாலும், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 25.5 மில்லியாம்பியருக்கு மேல் தர முடியாது. அதைவிட அதிகமாக எழுதியிருந்தால் விளக்கிலோ மாஸ்க்கிலோ கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரோவ்ஸ்கைட் வந்த பிறகு தயக்க வளைவு என்ற தலைவலியும் சேர்ந்தது. மின்னழுத்தத்தை மேலிருந்து கீழாக இறக்கி அளந்தால் ஒரு திறன், கீழிருந்து மேலாக ஏற்றி அளந்தால் இன்னொரு திறன்; வேகத்தை மாற்றினால் இரண்டுமே மாறும். படிகத்துக்குள் அயனிகள் மெல்ல நகர்வதே இதற்கு முக்கியக் காரணம். தட்டையான டைட்டானியம் டை ஆக்சைடு அடுக்குள்ள கலங்களில் இது தூக்கலாகவே தெரியும். இரு திசை வளைவுகளையும் போட்டு, உச்சத்திறன் புள்ளியில் சில நிமிடங்கள் நிறுத்திவைத்து எடுத்த நிலையான திறனையும் கொடுக்காத கட்டுரையில், பெரிய எண் எந்தத் திசையில் வந்தது என்று ஊகிப்பது ஒன்றும் கடினமில்லை.

டைட்டானியம் டை ஆக்சைடின் இரண்டு முகங்களும் நேருக்கு நேர் சந்திப்பது ஆயுள் சோதனையில்தான். வினையூக்கியில் நாம் விரும்பும் அதே புற ஊதா வினை, மின்கலத்துக்குள் கலத்தையே அரிக்கிறது. 2013இல் ஹென்றி ஸ்னெய்த்தின் குழு இதில் விசித்திரமான ஒன்றைக் காட்டியது: முழு நிறமாலை ஒளியில், காற்றுப் புகாமல் மூடி ஒட்டப்பட்ட கலங்கள், மூடாமல் விட்ட கலங்களைவிட வேகமாகக் கெட்டன. டைட்டானியம் டை ஆக்சைடின் பரப்பில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜன், அங்குள்ள குறைபாடுகளை அமர்த்திவைத்திருக்கிறது. புற ஊதா பட்டதும் அது கழன்றுவிடுகிறது. மூடிய கலத்துக்குள் அந்த இடத்தை நிரப்ப வேறு ஆக்சிஜன் இல்லாததால் குறைபாடுகள் எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. புற ஊதாவை வடிகட்டிவிட்டால் இந்தச் சிதைவு பெருமளவு நின்றுவிடும். இதனால்தான் 'ஆயிரம் மணி நேரம் நிலைத்தது' என்ற வரியைப் படித்ததும் விளக்கைத் தேடுகிறேன். வெள்ளை எல்இடியில் புற ஊதா கிட்டத்தட்டக் கிடையாது. அதன் கீழ் ஆயிரம் மணி நேரம் தாங்கிய டைட்டானியம் டை ஆக்சைடுக் கலம் வெயிலில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அந்த எண்ணில் விடை இல்லை.

2020இல் 'நேச்சர் எனர்ஜி' இதழில் பல ஆய்வுக்குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட ஒருமித்த அறிக்கை, பெரோவ்ஸ்கைட் ஆயுள் சோதனைகளில் விளக்கு, வெப்பநிலை, ஈரப்பதம், கலத்தின் மீதான மின் சுமை எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும் என்றது. ஒளியும் இருளும் மாறிமாறி வரும் சோதனையையும் அதில் சேர்த்தது. பெரோவ்ஸ்கைட் கலம் பகலில் இழந்த திறனில் ஒரு பகுதியை இரவில் மீட்டுக்கொள்வதுண்டு. சில கலங்களில் இதற்கு நேர்மாறாக, இருட்டுக்குப் பிறகு காலையில் திறன் தாழ்ந்து தொடங்கி மெல்ல ஏறும். தொடக்கத் திறனில் 80 விழுக்காட்டுக்கு இறங்கும் நேரத்தையே ஆயுளாகக் குறிப்பது வழக்கம். அந்தத் தொடக்கத் திறனைக் காலையில் எடுப்பதா மாலையில் எடுப்பதா, விளக்கைப் போட்ட முதல் மணி நேரச் சரிவைச் சேர்ப்பதா விடுவதா என்பதைக் கட்டுரைக்குக் கட்டுரை ஆசிரியர்களே தீர்மானித்துக்கொள்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு அவர்கள் எந்த எண்ணைக் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம்தான்.