என் கைக்கு எந்த கோல்ஃப் பந்து: கண்மாயிலும் உப்பளத்திலும் ஆறு மாதம்

பங்குனியில் எங்கள் கண்மாய் வற்றியதும் ஆரம்பித்த வேலை இது, புரட்டாசியில்தான் ஒரு முடிவுக்கு வந்தது. ஒரே கேள்விதான். எந்தப் பந்து என் அடிக்கும் ஆட்டத்துக்கும் ஒத்துவரும்?

ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். இந்தக் கரையில் கோல்ஃப் மைதானம் கிடையாது. துபாயில் ஏழு வருஷம் ஒரு மைதானத்தில் புல் பராமரிக்கும் வேலை பார்த்தேன், சாயங்காலம் பயிற்சித் திடலில் அடிக்க விடுவார்கள், அப்படிப் பிடித்துக்கொண்ட ஆட்டம். ஊருக்குத் திரும்பும்போது பழைய மட்டை செட் ஒன்றும் ஒரு பை நிறையப் பந்தும் கொண்டுவந்தேன். எண்பது பந்து, எடை மட்டும் மூன்றரைக் கிலோவுக்கு மேல். எல்லாம் அங்கே குளத்திலிருந்து அள்ளியவை, பத்துப் பன்னிரண்டு ரகம் கலந்து கிடந்தது.

அந்தக் கலப்புதான் என்னை இரண்டு வருஷம் ஏமாற்றியது. 7 ஐயன் என்கிற நடுத்தூர மட்டையை ஒரே மாதிரி வீசுவேன், ஒரு பந்து 130 கஜத்தில் விழும், அடுத்தது 145 போகும், உடனே நான் என் பிடியை மாற்றுவேன், நிற்கிற நிலையை மாற்றுவேன், தோளைத் திருப்புவதை மாற்றுவேன். பந்து வேறு என்பதால் வந்த வித்தியாசத்துக்கு நான் என் ஸ்விங்கைத் திருத்திக்கொண்டிருந்தேன். இது புரிந்த அன்றைக்குத்தான், சரி, ஒரே ஒரு பந்தைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் அடிப்பது என்று உட்கார்ந்தேன்.

பையைக் கொட்டிப் பிரித்ததில் மூன்று வகை கிடைத்தது. ஒன்று இரண்டு அடுக்குப் பந்து: உள்ளே பெரிய ரப்பர் உருண்டை, மேலே சர்லின் என்கிற பிளாஸ்டிக் மாதிரியான கெட்டித் தோல். இரண்டாவது டைட்டலிஸ்ட் ப்ரோ வி1 போல மூன்று அடுக்கு, மேல்தோல் யூரித்தேன் என்கிற மெத்தென்ற பிளாஸ்டிக், மெல்லியது. ப்ரோ வி1 2000-இல் வந்தது, அதற்கு முன்னால் பெரிய ஆட்டக்காரர்கள் ரப்பர் நூல் சுற்றிய பந்தைத்தான் பெரும்பாலும் அடித்தார்கள். மூன்றாவதும் மூன்று அடுக்கு யூரித்தேன்தான், ஆனால் உள் உருண்டை கொஞ்சம் மெத்தென்று இருக்கும், ஸ்ரிக்ஸன் கியூ-ஸ்டார் டூர் அந்த வகை. இதை நகத்தால் கூட ஓரளவு கண்டுபிடிக்கலாம். சர்லின் தோலில் நகம் வழுக்கும், யூரித்தேனில் லேசாகப் பிடிக்கும். கிட்டத்திலிருந்து பந்தைத் தூக்கி அடிக்கிற வெட்ஜ் மட்டையின் பள்ளக் கோடுகள் அந்தத் தோலைப் பிடிப்பதும் இதே விதத்தில்தான்.

முதல் சோதனை டிரைவர், அதிகத் தூரத்துக்கு அடிக்கிற பெரிய மட்டை. சித்திரையில், காற்று எழும்பும் முன், காலை ஆறு மணிக்கு. கண்மாய்த் தரை கரிசல், வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும், விழுந்த பந்து வெடிப்புக்குள் போனால் குச்சி விட்டுத்தான் எடுக்கவேண்டும். எதிர்க்கரையில் நிற்கிற இரட்டைப் பனைதான் குறி. ஆடு மேய்கிறதா என்று முதலில் கரைமேல் ஏறிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு வகையிலும் இருபது அடித்து, விழுந்த இடத்தைத் தப்படி வைத்து அளந்தேன்.

வகைக்கும் வகைக்கும் சராசரி வித்தியாசம் ஐந்தாறு தப்படி. ஆனால் ஒரே வகையில் நான் நன்றாக அடித்ததற்கும் சுமாராக அடித்ததற்கும் முப்பது தப்படி. துபாயில் மெஷினில் ஒருமுறை பார்த்தபோது என் டிரைவர் வேகம் மணிக்கு 84 மைல், இப்போதும் அதையொட்டித்தான் இருக்கும். மெதுவாக வீசுகிறவனுக்கு மெத்தென்ற பந்துதான் தூரம் போகும் என்று பலர் சொல்வார்கள், என் இருபது அடியில் அப்படி எதுவும் தெரியவில்லை. மெத்தென்ற பந்தில் கைக்கு வருகிற உணர்வு நிச்சயம் வேறு, சத்தமும் அடங்கி வரும், எனக்கு அது பிடித்திருக்கிறது. தூரத்துக்காக அதை எடுக்கவேண்டாம், அவ்வளவுதான்.

ஆடி பிறந்ததும் கச்சான் காற்று வந்தது. எங்கள் கரையில் பந்தைப் பற்றி அதிகம் சொல்லிக்கொடுப்பது அந்தக் காற்றுதான். பின்சுழற்சியோடு போகிற பந்தைக் காற்று மேலே தூக்கும், டிம்பிள் என்கிற அந்தக் குழிகள் அதற்குத்தான் ஒத்தாசை. எதிர்காற்றில் அந்தத் தூக்கல் இன்னும் கூடும். மேற்கே பார்த்து 7 ஐயனை முழு வேகத்தில் அடித்தால் யூரித்தேன் பந்து பனை உயரத்துக்கு எழும்பி, அங்கேயே ஒரு கணம் நிற்பது போலிருந்து, செங்குத்தாக விழும். 135 கஜம் போகவேண்டியது 105. இரண்டு அடுக்குப் பந்து பத்துப் பன்னிரண்டு கஜம் கூடப் போனது. அன்றைக்கு சாயங்காலம் இரண்டு அடுக்குதான் நமக்கு என்று ஏறக்குறைய முடிவே செய்துவிட்டேன்.

மறுநாள் 5 ஐயனை எடுத்து, பந்தைப் பின்னங்கால் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்து, முக்கால் வீச்சில் அடித்துப் பார்த்தேன். மெதுவாக அடித்தால் சுழற்சி குறையும், பந்து தாழ்வாகப் போகும். யூரித்தேன் பந்தும் காற்றுக்கு அடியில் நுழைந்து போனது, இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி மூன்று நான்கு கஜமாகச் சுருங்கிவிட்டது. ஆக, காற்றுக்கு மருந்து பந்தில் இருப்பதைவிட வீச்சில்தான் அதிகம் இருக்கிறது. ஒரு விஷயம்: கடற்கரையில் நின்று கடலைப் பார்த்து அடிக்க நிறையப் பேருக்கு ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். எதிரே இருப்பது மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகள், 21 தீவு, சுற்றிலும் பவளப்பாறை. பந்து கடலில் மிதக்காது, அடியில் போய்க் கிடந்து பிளாஸ்டிக்காக உதிரும்.

மிதக்காது என்றதும் ஞாபகம் வருகிறது. பந்தின் நடுப்பகுதி சரியாக மையத்தில் இருக்கிறதா என்று பார்க்க உப்புத் தண்ணீரில் மிதக்கவிடுவது பழைய வழக்கம். விதிப்படி பந்து 45.93 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. கணக்குப் போட்டால் தண்ணீரைவிட 1.13 மடங்கு கனம். கடல் தண்ணீர் 1.025 தான், அதனால் மூழ்கிவிடும். மற்ற ஊர்க்காரர்கள் வாளியில் பாக்கெட் பாக்கெட்டாக உப்பு கொட்டிக் கரைப்பார்கள். எனக்கு வாலிநோக்கம் உப்பளம் பக்கத்தில், மச்சான் அங்கேதான் வேலை பார்க்கிறார்.

“24 டிகிரி தண்ணி நிக்குது மாப்பிள்ளை, வாளியோட வாங்க” என்றார்.

டிகிரி என்றது சூட்டை அல்ல, தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற அளவை. 25 டிகிரியில் உப்பு பூக்கத் தொடங்கும், அதற்கு ஒரு டிகிரி முன்னால் எடுத்த தண்ணீர், தொட்டால் எண்ணெய் மாதிரி விரலில் வழுவழுக்கும். பந்து கால்வாசிக்கும் குறைவாக வெளியே தெரிய மிதந்தது. உச்சியில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, விரலால் சுண்டிச் சுற்றிவிடவேண்டும். நின்றதும் அதே புள்ளி மறுபடி மேலே வந்தால் ஒரு பக்கம் கனம் என்று அர்த்தம். எங்கே வேண்டுமானாலும் நின்றால் நல்ல பந்து. என்னிடம் மிச்சமிருந்த அறுபதில் ஐந்து, எத்தனை தடவை சுற்றினாலும் புள்ளியை மேலே கொண்டுவந்தன. மச்சான் ஒன்றைக் கையில் எடுத்து வெகுநேரம் உருட்டிப் பார்த்தார், பிறகு தானே இருபது பந்துக்குப் புள்ளி வைத்துக் கொடுத்தார். அந்த ஐந்தையும் வலைக்கு ஒதுக்கிவிட்டேன், வீட்டு முற்றத்தில் பழைய மீன்வலையை நான்கு மூங்கிலில் கட்டி வைத்திருக்கிறேன், அதில் அடிக்க எந்தப் பந்தானாலும் போதும்.

கண்மாயில் பார்க்கவே முடியாத ஒன்று பாக்கி இருந்தது: பந்து விழுந்த பிறகு நிற்குமா, ஓடுமா. வெடித்த கரிசலில் அது தெரியாது, நிஜமான கிரீன் வேண்டும், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை. ஆவணியில் கொடைக்கானல் போனேன், அங்கே உள்ள கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது. ஏழாயிரம் அடி உயரம், காற்று மெலிசு, அதனால் எல்லாப் பந்தும் கூடுதலாகப் பறக்கும். அங்கே அளந்த ஐயன் தூரத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. கிரீனுக்கு வெளியே முப்பது கஜத்தில் நின்று சாண்ட் வெட்ஜில் அடித்ததை மட்டும்தான் எழுதிவைத்தேன். இரண்டு அடுக்கு விழுந்த இடத்திலிருந்து எட்டு ஒன்பது தப்படி ஓடியது. யூரித்தேன் ஒரு குதி குதித்து, இரண்டாவது குதியில் கடிவாளம் போட்ட மாதிரி பிடித்து, மூன்று தப்படியில் நின்றது. இரண்டு யூரித்தேனுக்கும் நடுவில் என் கையால் வித்தியாசம் காட்ட முடியவில்லை.

அன்றைக்கு ஆடிய 18 குழியில், இத்தனை அடிக்குள் கிரீனில் ஏறவேண்டும் என்ற கணக்குப்படி நான் ஏறியது மூன்றில்தான். மிச்சம் பதினைந்திலும் கிரீனுக்கு வெளியிலிருந்து ஒரு சின்ன அடி அடித்தேன். அந்தப் பதினைந்து அடியும்தான் எனக்குப் பந்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது: மெத்தென்ற உள்ளுருண்டை, யூரித்தேன் தோல். விலையிலும் ப்ரோ வி1-ஐவிடக் குறைவு, தொலைத்தால் கொஞ்சம் தாங்கும். நன்றாக அடிக்கிற ஒருவர், கணக்குப்படி பத்துப் பன்னிரண்டு கிரீன் ஏறுகிறவர், வேறு மாதிரி முடிவு செய்யலாம். டிரைவரில் பந்து வலதுபக்கம் வளைந்து ஓடிக்கொண்டே இருக்கிறவர், கிரீனுக்குப் பக்கத்திலிருந்து அடிக்கிற சின்ன அடியான சிப்பை இன்னும் பழகாதவர், சுழற்சி குறைந்த இரண்டு அடுக்கில் ஒரு வருஷம் இருப்பதே நல்லது.

இரண்டு டஜன் வாங்கியாயிற்று, பழைய பையைக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டேன். மூன்று வாரமாக ஒரே பந்து. 7 ஐயன் 132-லிருந்து 138-க்குள் விழுகிறது, தப்பாகப் போனால் என் வீச்சில்தான் தேடுகிறேன். வாங்கியதில் ஒரு டஜன் வெள்ளை, ஒரு டஜன் மஞ்சள். காய்ந்த கண்மாயில் வெள்ளைதான் சட்டென்று கண்ணில் படும் என்று நினைத்திருந்தேன், ஆனால் நத்தைக்கூடும் கொக்கு எச்சமும் பரவிக்கிடக்கிற தரையில் மஞ்சள்தான் முதலில் தெரிகிறது. ஐப்பசி மழைக்குக் கண்மாயில் தண்ணீர் ஏறும் வரை மஞ்சளைத்தான் அடிப்பேன்.