கோத்தகிரிக் குளிரில் கருப்பு வண்டிக்கு மெழுகு: பானெட் முடிந்தது, டாப் பாக்கி

பானெட் முடிந்துவிட்டது. இரண்டு பக்க ஃபெண்டர், கதவுகள், டிக்கி எல்லாம் முடிந்தன. டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தாலும் ஒரு திட்டு இல்லை, துடைத்த தடம் இல்லை. கார்த்திகை மாதத்தில் இதே பானெட்டில் இதே மெழுகு காயாமல் பிசுபிசுவென்று நின்றதைப் பார்த்த எனக்கு, இன்று தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் மரங்கள் அதில் கிளை கிளையாகத் தெரிவதைப் பார்க்கும்போது மனசு நிறைந்துவிட்டது. மலையில் கருப்பு வண்டி வாங்கியவர்களுக்குப் பயன்படட்டும் என்று விவரமாக எழுதுகிறேன்.

வண்டி வந்தது ஆயுத பூஜையை ஒட்டி. "டெலிவரிக்கு முன்னால் கழுவ வேண்டாம், துடைக்கவும் வேண்டாம், பிளாஸ்டிக்கைக்கூட நானே உரித்துக்கொள்கிறேன்" என்று புக்கிங் அன்றே ஷோரூமில் சொல்லி, எழுதியும் கொடுத்திருந்தேன். அப்படியும் கழுவி, ஏதோ ஒரு துணியால் அழுத்தித் துடைத்துத்தான் நிறுத்தியிருந்தார்கள். வெயிலுக்குக் கொண்டுவந்தால், சூரியன் தெரிகிற இடத்தைச் சுற்றி வட்டவட்டமாக மெல்லிய கீறல்கள். வெள்ளையிலும் சில்வரிலும் இதே கீறல் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கருப்பில் எதையும் மறைக்க முடியாது. புது வண்டிக்கு முழு விலை கொடுத்தவனிடம் பழைய வண்டியின் பெயிண்டைக் கொடுப்பது என்ன நியாயம் என்று இன்றும் எனக்கு ஆறவில்லை.

நிறத்துக்கு மேல் பூசியிருக்கும் நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் கோட்டின் கனம் மொத்தமே 40, 50 மைக்ரான் அளவுதான். தலைமுடியின் கனம்கூட இருக்காது. அதைத் தேய்த்துத் தேய்த்துக் கீறலை எடுத்தால் நாளைக்கு ஒன்றும் மிஞ்சாது. மிக மென்மையாகத் தேய்க்கும் ஃபினிஷிங் பாலிஷ், மெத்தென்ற பேட், அதோடு நிறுத்திவிட்டேன். மேலோட்டமானவை போய்விட்டன. ஆழமான சில, தேடினால் தெரியும். தெரியட்டும்.

பூஜைக்கு அம்மா பானெட்டில் சந்தனம் குங்குமம் வைத்தார். அது வைக்காமல் வண்டி எடுப்பது எங்கள் வீட்டில் நடக்காது, எனக்கும் அது வேண்டும். காய்ந்த சந்தனத்தைத் துணியால் தேய்க்காமல் இருந்தால் போதும். நன்றாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியை அதன் மேல் போட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் தானாக வழுக்கிக்கொண்டு வரும்.

கழுவுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், ஷாம்பூவுக்கு ஒன்று, துணி அலச ஒன்று என இரண்டு வாளி, மண் மேலே வராமல் வாளியடியில் போடும் கிரிட் கார்டு சல்லடை, அவ்வளவுதான். மலையில் நமக்கு ஒரு பெரிய கொடுப்பினை, தண்ணீர். எங்கள் பக்கத்து ஊற்றுத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. கீழே மேட்டுப்பாளையம், கோவைப் பக்கம் போர் தண்ணீரில் கழுவினால் கருப்பில் வெள்ளைப் பொட்டுப் பொட்டாகக் கறை நிற்கும். இங்கே அந்தக் கவலை இல்லை. ஷாம்பூவும் பாதி போதும், நுரை தாராளமாக வரும். சக்கரத்துக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். மலைப்பாதையில் இறங்கிவந்த வண்டியில் பிரேக் தூள் அப்பியிருக்கும். இரும்புத் தூளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர் அடித்த கொஞ்ச நேரத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒழுகுகிறதே, அதெல்லாம் பிரேக்கிலிருந்து தேய்ந்து வந்த இரும்பு. செகண்ட் கியரில் இறங்கினால் நன்றாகக் குறையும்.

இனி மெழுகு. நான் எடுத்தது காலினைட் 845. பெயரிலேயே இன்சுலேட்டர் வாக்ஸ் என்று இருக்கும். உயர் அழுத்த மின்கம்பிகளைத் தாங்கும் இன்சுலேட்டர்களுக்காக முதலில் வந்த சரக்கு என்பார்கள். ஈரத்தை ஒட்டவிடாது என்பதால்தான் மழை ஊருக்கு இதைத் தேர்ந்தெடுத்தேன். குளிரில் பாட்டிலுக்குள்ளேயே இறுகிவிடும். பயப்பட வேண்டாம், வெந்நீரில் பாட்டிலை வைத்துக் குலுக்கினால் பழையபடி ஆகிவிடும்.

மெழுகுக்குப் பதிலாக, பெயிண்டின் மேல் கெட்டியாக இறுகும் செராமிக் பூச்சு ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். போட்ட பிறகு முதல் நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது. எங்கள் வீட்டில் மூடிய கராஜ் கிடையாது, பக்கம் திறந்த தகரக் கொட்டகைதான். விடியற்காலையில் அந்தத் தகரத்தின் அடியிலேயே ஈரம் படிந்து சொட்டும். அங்கே செராமிக் போட எனக்கு மனசு வரவில்லை.

கோவையில் இருக்கும் மச்சான் இதே மெழுகைத்தான் போடுகிறான். "பத்து நிமிஷம் விடு மாப்ள, வெள்ளையா பூத்ததும் துடைச்சிரு, அவ்வளவுதான்" என்றான். அவனுடைய ஊரில் அது சரி. கார்த்திகையில் மழை விட்ட ஒரு நாள் பார்த்து நான் போட்டபோது, அரை மணி நேரம் ஆகியும் பானெட்டில் பூக்கவே இல்லை. விரலால் இழுத்தால் எண்ணெய் மாதிரி வழிந்தது. துடைத்தால் ஒரு பக்கம் போய் இன்னொரு பக்கம் படிகிறது. வெளிச்சத்தில் பார்த்தால் நீலமும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக ஒரு படலம். கதவுகளில் மட்டும் ஓரளவு சரியாக வந்தது. அதே பாட்டில், அதே கை, அதே நாள். கதவில் வருவது பானெட்டில் ஏன் வரவில்லை என்பதே மண்டையைக் குடைந்தது.

விடை கிடைத்தது பஸ் நிலையத்துப் பக்கம் டிங்கரிங் பட்டறையில். அங்கே வெகுகாலமாகப் பெயிண்ட் அடிப்பவர் சொன்னார்: "தம்பி, மழை நாள்ல லாக்கர் பெயிண்ட் அடிச்சா எங்களுக்கே வெளுத்துப்போகும். தின்னர் ஆவியாகறப்ப தகடு சில்லுன்னு ஆயிரும். காத்துல இருக்கற ஈரம் அதுல வந்து ஒக்காந்துக்கும்." இந்த ஒரு வார்த்தையில் எல்லாம் விளங்கிவிட்டது. மெழுகுக்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்கு போக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கிறோம் இல்லையா? அது ஆவியாகும்போது தகட்டின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஏற்கனவே குளிர்ந்த தகடு இன்னும் குளிர்கிறது. பனிமூட்டக் காற்றில் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. நாம் அந்தத் தண்ணீரின் மேல் மெழுகைத் தடவுகிறோம். மெழுகிலுள்ள கரைப்பானும் குளிரில் மெதுவாகத்தான் ஆவியாகும். எப்படிப் பூக்கும்?

கதவின் கதையும் இதிலேயே அடக்கம். அன்று வண்டி ராத்திரி முழுக்க வெளியில் நின்றிருந்தது. திறந்த வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் பானெட்டும் டாப்பும்தான் இரவில் அதிகமாகச் சூட்டை இழக்கின்றன, பனி அங்கேதான் கொட்டுகிறது. நிமிர்ந்து நிற்கும் கதவு அவ்வளவு குளிர்வதில்லை. காலையில் வண்டியைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

தை பிறந்து வானம் வெளுத்ததும் முறையை மாற்றிக்கொண்டேன். கழுவியவுடன் ப்ளோயரால் கண்ணாடி மடிப்பு, கைப்பிடி, டெயில் லாம்ப் இடுக்கு எல்லாம் ஊதிவிடுகிறேன். இல்லையென்றால் மெழுகு போடும் நேரத்தில் அங்கிருந்து ஒரு சொட்டு ஓடிவரும். பதினொரு மணிக்கு முன்னால் மெழுகைத் தொடுவதில்லை. வண்டியை வெயிலில் நிறுத்தி, புறங்கை வைத்தால் இளஞ்சூடு தெரிந்ததும் நிழலுக்குள் தள்ளுகிறேன். சுட்டால் ஆகாது, சில்லென்றிருந்தாலும் ஆகாது. ஆல்கஹால் துடைத்த பிறகு உடனே மெழுகு கிடையாது. தகட்டுக்கு அருகில் வாயை வைத்து 'ஹா' என்று ஊதிப் பார்க்கிறேன். கருப்பில் இது அருமையாகத் தெரியும். மூச்சு சாம்பல் வட்டமாகப் படிந்து, ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கிச் சட்டென்று மறைந்தால் தகடு தயார். அந்த வட்டம் அப்படியே தங்கி மெதுவாக மங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது, காத்திருக்க வேண்டும். ஆன்லைனில் வாங்கிய ஹைக்ரோமீட்டர் ஒன்று கொட்டகையில் தொங்குகிறது. ஆனால் அது காற்றின் ஈரத்தைச் சொல்லுமே தவிர, தகட்டின் குளிரைச் சொல்லாது. மூச்சுதான் எனக்கு நம்பகமாக இருக்கிறது.

அப்புறம் அளவு. பானெட்டில் பாதிக்கு ஒரு பட்டாணி அளவு மெழுகே அதிகம். தடவியது தெரியக்கூடத் தெரியாத அளவுக்கு மெல்லியதாக இழுக்க வேண்டும். பானெட் முழுவதையும் ஒரேயடியாகத் தடவாமல் பாதி பாதியாக எடுத்துக்கொண்டேன். விரல் நுனியால் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குள் பளிச்சென்று கருப்பு தெரிந்து, ஓரம் பொடியாக நின்றால் துடைக்கலாம். கடைசித் துடைப்புக்குப் புதுத் துணி.

துணி என்றதும் ஒரு விஷயம். மழை மாதங்களில் இங்கே மைக்ரோஃபைபர் காயவே காயாது, ஒரு மாதிரி வாடை வந்துவிடும். அந்தத் துணியைக் கருப்பில் வைக்கவே கூடாது. வாசனைக்கும் மென்மைக்கும் ஊற்றுகிற கண்டிஷனரிலும் முக்கக் கூடாது, துணி தண்ணீரை உறிஞ்சும் குணத்தை இழந்துவிடும். நான் கோவை போகும்போது மொத்தமாக வாங்கிவந்து டப்பாவில் மூடி வைக்கிறேன். இங்கே கடைகளில் கிடைப்பது கண்ணாடி துடைக்கத்தான் ஆகும், ஓரத் தையலே கீறும்.

வெயில் குறைவு, மெழுகு எதற்கு என்று ஊரில் கேட்கிறார்கள். குளிர்ச்சியை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. கோத்தகிரி ஏறக்குறைய 1800 மீட்டரில் இருக்கிறது. பனி விலகிய நாளில் இந்த வெயில் பெயிண்டை நன்றாகவே பதம் பார்க்கும்.

அடுத்து முன் பம்பருக்கும் பானெட் விளிம்புக்கும் பிபிஎஃப், அதாவது பெயிண்டைக் காக்கும் கண்ணாடி போன்ற ஃபிலிம், ஒட்ட ஆசை. மேட்டுப்பாளையம் சாலையில் லாரிக்குப் பின்னால் போனால் சரளை தெறிக்கிறது. கோவையில் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். குரங்குகள் ஏறுவது டாப்பில்தான் என்பதால் அங்கேயும் ஒட்டலாமா என்று யோசனை. யாராவது டாப்புக்கு ஒட்டியிருந்தால் குரங்கு நகத்துக்குத் தாங்குகிறதா என்று சொல்லுங்கள். தாங்கும் என்றால் டாப்பில் மெழுகு போடுவதை நிறுத்திவைக்கிறேன். ஃபிலிம் ஒட்டும் இடத்தில் மெழுகு இருக்கக் கூடாதே.