சோக்கை உள்ளே தள்ளினால் நின்றுபோகும் பழைய செயின்சா

மெஷின்: சந்தையில் நிறைய ஓடும் 58 சிசி சீன செயின்சா, 22 இன்ச் பார் (சங்கிலி ஓடும் தகடு). நாலைந்து வருடம் ஓடி, ஒரு வருடம் கொட்டகையில் சும்மா கிடந்தது. டேங்கில் பெட்ரோல் அப்படியே இருந்தது. பாதிக் கோளாறு அங்கேயே ஆரம்பம். சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் குமிழ்) இழுத்து வைத்தால் ஏழெட்டு இழுப்பில் ஒரு இருமல் இருமும். உள்ளே தள்ளினால் அடுத்த நொடி நின்றுவிடும்.

இந்த நிலையில் பலரும் முதலில் ஸ்க்ரூ டிரைவரைத்தான் எடுப்பார்கள். கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் தொடுவது கடைசி வேலை. முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பத்து இழுப்புக்குப் பிறகும் பிளக் எலும்பாகக் காய்ந்திருந்தது. ஈரமாக இருந்தால் கரண்ட் (பிளக்கில் வரும் பொறி) பக்கம் போகலாம். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. ஆனாலும் கரண்டையும் கம்ப்ரஷனையும் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) ஒருமுறை பார்த்து ஒதுக்கிவிடுவது நல்லது. பிளக் இடைவெளி 0.6 மி.மீ. வைத்து, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி சிலிண்டரின் வெளி மடிப்பில் (ஃபின்) ஒட்டிப் பிடித்து இழுத்தால் நீலப்பொறி பளிச்சென்று வந்தது. வராவிட்டால் உடனே பொறிக்குக் கரண்ட் தரும் காயிலை வாங்க ஓட வேண்டாம். ஸ்விட்சுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை இழுங்கள், அது எங்காவது பாடியில் உரசினாலே பொறி செத்துவிடும். காயிலுக்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் நடுவே 0.3 மி.மீ.; ஒரு விசிட்டிங் கார்டு செருகி இறுக்கினால் சரியாக இருக்கும். கம்ப்ரஷன் கேஜில் 125 பிஎஸ்ஐ. 90-க்குக் கீழே இருந்திருந்தால் கார்புரேட்டரை மறந்துவிட்டு, சைலன்சரைக் கழற்றி ஓட்டை வழியே பிஸ்டனில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டி வந்திருக்கும்.

கார்புரேட்டர் வாயில் அரை மூடி பெட்ரோல் கலவை ஊற்றி இழுத்ததும் மூன்று நொடி சீறி ஓடி நின்றது. கோளாறு பெட்ரோல் வரும் வழியில்தான், சந்தேகம் தீர்ந்தது.

டேங்கிலிருந்து தொடங்கியது வேலை. பைண்டிங் கம்பி முனையைக் கொக்கியாக வளைத்து ஃபில்டரை வெளியே இழுத்தால், டியூப் டேங்க் சுவரில் நுழையும் இடத்திலேயே வெடித்திருந்தது. டியூப் வெடித்தால் பெட்ரோலுக்குப் பதில் காற்றுதான் ஏறும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் விடக்கூடாது. டியூபும் ஃபில்டரும் புதிது.

அடுத்தது கார்புரேட்டர். நாலு ஸ்க்ரூ கழற்றி அடிமூடியைத் திறந்தால் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு தெரியும். நல்ல டயஃப்ரம் பலூன் தோல்போல் தொங்கும். இதில் இருந்தது வெயிலில் போட்ட அப்பளம். விரலால் அழுத்தினால் டக்கென்று சத்தம் கேட்டது. இது விறைத்துவிட்டால் கீழே இருக்கும் நெம்பை அழுத்தாது, பெட்ரோலை உள்ளே விடும் நீடில் திறக்காது. மறுபக்க பம்ப் மூடிக்கு அடியில் இருந்த சின்ன வலையில் பழுப்புப் பிசின். ரிப்பேர் கிட் ஒன்று வாங்கினால் எல்லாம் அதிலேயே வரும். வரிசை மாறினால் வேலை வீண்: நெம்பு இருக்கும் பக்கம் பாடிமேல் முதலில் கேஸ்கெட், பிறகு டயஃப்ரம், பம்ப் பக்கம் முதலில் டயஃப்ரம், பிறகு கேஸ்கெட். ஓட்டைகளில் ஊசி விட்டுக் குத்த வேண்டாம், கிளீனர் ஸ்ப்ரே போதும்.

எல் (குறைந்த வேகம்), எச் (அதிக வேகம்) இரண்டு கார்புரேட்டர் ஸ்க்ரூவையும் மெல்ல மூடி, ஒன்றேகால் சுற்று திறந்து வைத்ததும் நாலாவது இழுப்பில் பிடித்தது. ஆனால் பத்து நிமிடம் ஓடிச் சூடானதும் ஐடில் (ரேஸ் கொடுக்காதபோது ஓடும் வேகம்) தானாக ஏறியது, பிறகு இறங்கி நின்றது. மெஷினைப் பக்கவாட்டில் சாய்த்தால் சத்தம் மாறியது. இது காற்று கசிவின் அடையாளம். எச் ஸ்க்ரூவைத் திறந்து இதை மறைத்துவிடலாம், மறைத்தும் ஓட்டுகிறார்கள். பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அப்படித்தான். ஐடிலில் ஓடவிட்டு கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள மேனிஃபோல்டில் கிளீனரைக் கொஞ்சமாக அடித்தபோது சத்தம் சட்டென்று மாறியது. சைலன்சர் பக்கம் மட்டும் அடிக்கவே கூடாது, தீப்பிடிக்கும். கழற்றிப் பார்த்தால் வெடிப்பு கண்ணுக்குப் படவில்லை. கழுத்தை வளைத்தபோதுதான் முடி அளவுக்கு ஒரு கோடு திறந்தது. புதியதைப் பொருத்தும்போது கேஸ்கெட்டில் உள்ள சின்ன ஓட்டை, கிராங்க் கேஸ் துடிப்பு (பெட்ரோல் பம்பை இயக்கும் அழுத்த ஏற்ற இறக்கம்) வரும் ஓட்டைக்கு நேராக நிற்க வேண்டும். திருப்பிப் போட்டால் அந்தத் துடிப்பு அடைபட்டு பம்ப் வேலை செய்யாது, மறுபடி முதல் கோளாறுக்கே வந்து நிற்போம்.

புதுக் கலவை 25-க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில். பைக்கின் ஃபோர் ஸ்ட்ரோக் ஆயிலை ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது சரியாக எரியாமல் சைலன்சரில் கரியாக அப்பும்.

டியூனிங்கை ஏர் ஃபில்டர், பார், சங்கிலி எல்லாம் மாட்டி, இன்ஜின் சூடான பிறகே செய்ய வேண்டும். எல் ஸ்க்ரூவை உள்ளே திருப்பிக்கொண்டே போனால் ஐடில் ஏறும். உச்சிக்கு வந்ததும் அரைக்கால் சுற்று வெளியே. ஐடிலில் சங்கிலி நகரக்கூடாது, நகர்ந்தால் ஐடில் ஸ்க்ரூவைக் குறைக்க வேண்டும். எச் ஸ்க்ரூவைக் காதால்தான் வைக்க வேண்டும்: சும்மா முழு ரேஸ் கொடுத்தால் சத்தம் கொஞ்சம் கொழகொழவென்று உடைய வேண்டும், மரத்தில் இறங்கியதும் அதே சத்தம் சுத்தமாகிவிட வேண்டும். விசில்போல் கூர்மையாகக் கத்தினால் பெட்ரோல் குறைவு, கால் சுற்று திறக்கவும். முழு ரேஸ் கொடுக்கும்போது சங்கிலி பிரேக் போட்டிருந்தால் கிளட்ச் எரியும்.

பூவரசு மரத்தில் இரண்டு டேங்க் ஓடிய பிறகு பிளக் டீ நிறத்தில் இருக்கிறது, சூட்டிலும் ஐடில் அசையவில்லை. ஃப்ளைவீல் பக்க ஆயில் சீலில் மட்டும் லேசான ஈரம். அடுத்து கார்புரேட்டரையும் சைலன்சரையும் கழற்றி அந்த வாய்களை அடைத்து, 0.5 பார் அழுத்தத்தில் காற்று ஏற்றி, சீலில் கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும்.