டப்பாவில் எழுதாத சரக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ரக்பியும் கிரிக்கெட்டும் ஆடும் நம் பிள்ளைகளின் விளையாட்டுப் பைகளில் புரதப் பொடி டப்பா இருப்பது இன்று யாருக்கும் வியப்பளிப்பதில்லை. புரதப் பொடியும், தசை வலுவுக்காக எடுக்கப்படும் கிரியாட்டினும் விளையாட்டில் தடை செய்யப்பட்டவை அல்ல என்பதால், இந்திய வம்சாவளியினர் நிறைந்த டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிப் பெற்றோர் பலரும் அவற்றைச் சத்துமாவுக்கு நிகராகவே எண்ணி வாங்கிக் கொடுக்கிறார்கள். என் கவலை டப்பாவின் மேல் எழுதப்படாத சரக்கைப் பற்றியது.

2010-இல் அயர்லாந்து சென்ற தென்னாப்பிரிக்க ரக்பி அணியின் சிலிபாய் ரலெபெல்லே, பியோர்ன் பாசன் ஆகிய இருவரும், மெத்தில்ஹெக்சனமீன் என்ற ஊக்கமருந்து உடலில் காணப்பட்டதால், பயணத்தின் நடுவிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அது வந்தது அணியினருக்கு வழங்கப்பட்ட சப்ளிமென்டிலிருந்து என்று தெரிந்து, 2011 ஜனவரியில் இருவரும் விடுவிக்கப்பட்டனர். (ரலெபெல்லே பிற்பாடு வேறு வழக்குகளில் தண்டனை பெற்றது தனிக் கதை.) மருத்துவரும் அதிகாரிகளும் சூழ்ந்திருக்கும் தேசிய அணிக்கே இந்தக் கதி என்றால், உடற்பயிற்சிக் கூடத்து அண்ணன் சொன்னதைக் கேட்டுப் பொடி கலக்கும் பதினாறு வயதுப் பையனுக்கு என்ன காப்பு இருக்கிறது? உடலில் எது காணப்பட்டாலும் அதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதியின் அடிப்படை. சிறார்களுக்குத் தண்டனையில் சற்றுத் தளர்வு உண்டே தவிர, பொறுப்பு நீங்குவதில்லை.

தசையைப் பெருக்கும் தடை செய்யப்பட்ட மருந்தான ஸ்டீராய்டைத் தெரிந்தே எடுப்பவர்களும் இருக்கிறார்கள். மாகாணப் பள்ளி அணிகள் மோதும் கிரேவன் வாரத்தில், 2018-இல் மட்டும் ஆறு மாணவர்கள் சோதனையில் பிடிபட்டார்கள். தேர்வாளர்கள் கண்ணில் படும் அந்த ஒரு வாரம் ஒப்பந்தத்தையோ கல்வி உதவித்தொகையையோ பெற்றுத் தரக்கூடும் என்பதால், பையன் மட்டுமல்ல, வீடே தடுமாறுகிறது. வளரும் வயதில் ஸ்டீராய்டு எடுத்தால் எலும்பு நுனிகளின் வளர்ச்சித் தட்டுகள் முன்கூட்டியே மூடிக்கொண்டு உயரம் நின்றுபோகலாம்; உடல் தானாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறையும்; மாத்திரையாக விழுங்குபவை கல்லீரலையும் கெடுக்கும்.

பிடிபடும்போது பெயர் கெடுவது பையனுக்குத்தான்; "இன்னும் பத்துக் கிலோ ஏற்று" என்று சொன்ன பெரியவரை யாரும் சோதிப்பதில்லை. பொடி வாங்கச் சொல்லும் பயிற்சியாளரிடம், அதன் பெயரையும் தயாரிப்புத் தொகுதி எண்ணையும் எழுதிக் கையொப்பமிட்டுத் தரும்படி பெற்றோர் கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலானோர் அன்றோடு அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.