நல்ல மென்பொருளை ஆன்டிவைரஸ் பிடித்துவிட்டால்

நம்பிப் பயன்படுத்தும் மென்பொருளை ஆன்டிவைரஸ் திடீரென்று குவாரன்டீனில் (இயங்க முடியாதபடி தனியே பூட்டிவைக்கும் இடம்) போட்டால், பலரும் உடனே ஆன்டிவைரஸையே அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எச்சரிக்கை தவறுதான் என்று உறுதியாகும்வரை அந்தக் கோப்பு உள்ளேயே கிடக்கட்டும்.

முதலில் என்ன பெயரில் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸோடே வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டரில் ‘புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’யில் இருக்கும். பெயரின் கடைசியில் ஆச்சரியக்குறியும் ‘எம்எல்’ என்றும் வந்தால் அது மெஷின் லேர்னிங்கின் கணிப்பு, அதாவது கணினி செய்த ஊகம். பைஇன்ஸ்டாலர் என்ற தொகுப்புக் கருவியில் கட்டிய பைத்தான் நிரல்களும், யுபிஎக்ஸ் என்ற கருவியால் சுருக்கிய கோப்புகளும் இப்படி அடிக்கடி மாட்டும். வைரஸ் எழுதுபவர்களும் அதே கருவிகளைப் பயன்படுத்துவதால் வெளித்தோற்றம் ஒத்துப்போய்விடுகிறது. ‘பியுஏ’ (வேண்டாத மென்பொருளாக இருக்கலாம் என்பதன் சுருக்கம்) என்று வந்தால் கதை வேறு: இன்ஸ்டாலரோடு விளம்பர மென்பொருள் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

அடுத்து ஹாஷ், அதாவது கோப்பின் கைரேகை போன்ற குறியீடு. பல நிறுவனங்கள் பதிவிறக்கப் பக்கத்திலேயே எஸ்ஹெச்ஏ-256 ஹாஷைக் கொடுக்கின்றன. அந்த 64 எழுத்துகளை பல ஆன்டிவைரஸ்களின் முடிவை ஒரே இடத்தில் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தின் தேடலில் அப்படியே ஒட்டினால் போதும், கோப்பை வெளியே எடுக்கவே தேவையில்லை. ஆனால் உங்களிடம் இருப்பதும் அதே கோப்புதானா என்பதை, கோப்பை மீட்டெடுத்த பிறகு, விண்டோஸில் கட்டளை தட்டும் பவர்ஷெல்லின் ‘கெட்-ஃபைல்ஹாஷ்’ கட்டளையால் ஒப்பிட்டே ஆக வேண்டும். சொந்தத் தகவல் உள்ள கோப்புகளை வைரஸ்டோட்டலில் ஏற்றாதீர்கள். மற்றவர்களும் அவற்றை எடுக்க முடியும்.

முடிவுகளில் வெறும் எண்ணிக்கையை நம்பக்கூடாது. ஐந்து சிவப்பு எச்சரிக்கை வந்தாலும், பிட்டிஃபெண்டர் நிறுவனத்தின் இன்ஜினை (வைரஸைக் கண்டறியும் பகுதி) வாங்கிப் பயன்படுத்தும் சில தயாரிப்புகள் ஒரே பெயரைச் சொல்லியிருந்தால் அது ஒரே கருத்துதான். தனித்தனி இன்ஜின்கள் ஒரே வைரஸ் குடும்பத்தைச் சுட்டினால் நம்புங்கள்.

கோப்பை யார் வெளியிட்டது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் சரியாக இருக்கிறது என்பது மட்டும் போதாது. 2023 மார்ச்சில் 3சிஎக்ஸ் என்ற இணையத் தொலைபேசிச் செயலிமேல் எச்சரிக்கை வந்தபோது தவறான எச்சரிக்கை என்றே பலர் நினைத்தார்கள். முறையான கையொப்பத்தோடு வந்த அதிகாரபூர்வ அப்டேட்டிலேயே தீம்பொருள் புகுந்திருந்தது.

எல்லாம் சரியென்றால் மீட்டெடுத்து, ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ (ஸ்கேனிலிருந்து விலக்கு) பகுதியில் அந்த ஒரு கோப்பை மட்டும் சேருங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரையோ ‘இஎக்ஸ்இ’ வகை முழுவதையுமோ சேர்த்தால் வாசலைத் திறந்துவைத்த மாதிரி. ‘புராசஸ்’ என்று சேர்ப்பதிலும் கவனம்: அந்த நிரல் திறக்கும் கோப்புகளுக்குத்தான் விலக்கு கிடைக்கும், நிரலுக்கு அல்ல. அதனால் அது மறுபடியும் பிடிபடும்.

கையோடு மைக்ரோசாஃப்டின் கோப்புச் சமர்ப்பிப்புப் பக்கத்தில் ‘தவறாகக் கண்டறியப்பட்டது’ என்று அனுப்புங்கள். மென்பொருளை எழுதியவருக்கும் சொல்லுங்கள். திருத்தம் வந்ததும் டெஃபினிஷனை (ஆன்டிவைரஸின் வைரஸ் தகவல் தொகுப்பு) புதுப்பித்து, விலக்கை நீக்கிவிட்டு, அந்தக் கோப்பை மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.